ஒதுக்கீடு வேறு, காசு வேறு

இஷாவுக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு காக்கா என்னை மடக்கினார். "தம்பி, பட்ஜட் வாசிச்சி முடிஞ்சிதானே, நம்மட ரோட்டுக்கு ஏன் இன்னம் சல்லி வரல்ல?"

பள்ளிக் கணக்கையே உதாரணம் காட்டினேன். உண்டியல் பணம் பொருளாளரிடம் இருந்தாலும், நம்பிக்கையாளர் சபை தீர்மானிக்காமல் அவர் ஒரு சதமும் எடுக்க ஏலாது. நாட்டுக்கும் அப்படித்தான். பொது நிதியின் முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே என்கிறது அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை. வரிப்பணம் சேருவது திரட்டு நிதியத்தில். 150ஆம் உறுப்புரைப்படி, நிதியமைச்சர் கையொப்பமிட்ட ஆணைப்பத்திரம் இல்லாமல் அதிலிருந்து பணம் வெளியேறாது. பாராளுமன்றம் தீர்மானத்தாலோ சட்டத்தாலோ அனுமதித்த தொகைக்கும், ஏற்கெனவே சட்டப்படி நிதியத்தின் மீது சுமத்தப்பட்ட செலவுக்கும் மட்டுமே அவர் கையொப்பமிடலாம்.

அந்தச் சட்டம்தான் வருடாந்த ஒதுக்கீட்டுச் சட்டமூலம். நாம் தொலைக்காட்சியில் பார்க்கும் பட்ஜட் உரை அதன் இரண்டாம் வாசிப்பின் தொடக்கம் மட்டுமே. விவாதம், வாக்கெடுப்பு, பிறகு அமைச்சு அமைச்சாகக் குழுநிலை, கடைசியில் மூன்றாம் வாசிப்பு வாக்கெடுப்பு.

நேரத்துக்கு நிறைவேறாவிட்டால்? சில மாதங்களுக்கான இடைக்காலக் கணக்கறிக்கை வரும். 2018 அரசியல் நெருக்கடியில் டிசம்பர் 21இல் அடுத்த ஆண்டின் முதல் நான்கு மாதங்களுக்கு அப்படித்தான் அனுமதி கிடைத்தது. அதற்கு முன், நவம்பர் 29இல், பிரதமரின் செயலாளர் அரச பணம் செலவிடுவதைத் தடுக்கும் தீர்மானத்தைச் சபை 123 வாக்குகளால் நிறைவேற்றியது. 2020இல் நிலைமை வேறு. ஏப்ரல் 30 வரைக்கும்தான் அனுமதி இருந்தது. பாராளுமன்றமோ மார்ச் 2இல் கலைக்கப்பட்டு, ஆகஸ்ட் 20இல்தான் புதிய சபை கூடியது. இடையில் ஜனாதிபதி 150(3)ஐக் கொண்டு பணம் விடுவித்தார். தேர்தல் இவ்வளவு தள்ளிப்போனால் அந்த அதிகாரம் எதுவரை நீளும் என்ற வாதம் அப்போது சூடாக நடந்தது. சாவி சபையின் கையில் இல்லாத மாதங்கள் அவை.

"அப்ப, நம்மட ரோட்டு?" என்றார் காக்கா, விடாமல்.

ஒதுக்கீடு என்பது உச்சவரம்புதான், காக்கா. அதற்குமேல் செலவழிக்க ஏலாது; அவ்வளவையும் தரத்தான் வேணும் என்றும் இல்லை. திறைசேரியில் காசு இருந்தால்தான் அமைச்சின் கைக்கு வரும். ஆகவே ரெண்டு கேள்வி கேளுங்கள்: ரோட்டுக்கு ஒதுக்கினார்களா? ஒதுக்கியதை விடுவித்தார்களா? முதல் கேள்விக்கு மதிப்பீட்டு நூலைப் பாருங்கள். ரெண்டாவதை, வாக்குக் கேட்டு வந்த எம்.பி. குழுநிலையில் எழுப்பினாரா என்று ஹன்சாட்டில் பாருங்கள்.