உர மூட்டைக் கணக்கும் களத்துக் கணக்கும்

விவசாய அபிவிருத்திக்கென்று சர்க்கார் வகுக்கும் திட்டம் எதுவாயினும், அது பலன் தந்ததா, தந்ததாயின் எவ்வளவு என்பதை அறிய இரண்டு வழிகள் உண்டு. வழங்கப்பட்ட விதை, உரம், கடன், வெட்டப்பட்ட கிணறு ஆகியவற்றைக் கூட்டி, இவ்வளவு உரத்திற்கு இவ்வளவு தானியம் என்னும் வாய்பாட்டால் பெருக்கிச் சொல்வது ஒன்று. வயலில் இறங்கி, அறுத்து, அடித்து, தூற்றி, நிறுத்துப் பார்ப்பது மற்றொன்று. முன்னது எளிது, நாற்காலியை விட்டு எழாமலே செய்து முடிக்கலாம். அதனாலேயே அது நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது பர்மா ஜப்பானியர் வசமாகி, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. அதன் பின்னர் இந்தியாவில் உணவுப் பெருக்க இயக்கம் தொடங்கப்பட்டு, கிணறு வெட்டவும், ஏரிகளைச் செப்பனிடவும், விதையும் உரமும் வழங்கவும் மாகாணங்களுக்குப் பெரும்பொருள் அளிக்கப்பட்டது. கூடுதலாக விளைந்த தானியம் இவ்வளவு என்பது மேற்படி வாய்பாட்டைக்கொண்டே கணக்கிடப்பட்டது. காகிதத்தில் தானியம் ஆண்டுதோறும் பெருகிற்று. ஆனால் தேசத்தின் மொத்த விளைச்சல் கணக்கில் அப்பெருக்கம் காணப்படவில்லை. 1951ஆம் ஆண்டில் 40 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட தானியத்தை வெளிநாடுகளிலிருந்து வாங்க நேர்ந்தது.

இதன் காரணத்தைக் குடியானவர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. மழை பொய்த்தது வாய்பாட்டுக்குத் தெரியாது. வாங்கிய உரம் நெல்லுக்குப் போயிற்றா, வாழைக்குப் போயிற்றா என்பதும் தெரியாது. ஒரே வயலுக்குக் கிணற்றின் பேரால் ஒரு முறையும், விதையின் பேரால் ஒரு முறையும், உரத்தின் பேரால் ஒரு முறையும் தானியம் எழுதப்படுமாயின், அவ்வயல் காகிதத்தில் மும்முறை விளைந்ததாகிவிடும்.

1952இல் இவ்வியக்கத்தை ஆராய ஒரு விசாரணைக் குழு நியமிக்கப்பட்டது. அதன் தலைவர், கரூரையடுத்த வாங்கலில் பிறந்து பரோடா சமஸ்தானத்தின் திவானாயிருந்த ஸ்ரீ வி. டி. கிருஷ்ணமாச்சாரியார். இயக்கம் சாகுபடி நிலத்தில் ஒரு சிறு பகுதியையே தொட்டதென்றும், உணவு உற்பத்தியைக் கிராம வாழ்வின் பிற அம்சங்களிலிருந்து பிரித்து நடத்தியது தவறென்றும் அக்குழு கண்டது. அவ்வாண்டு அக்டோபரில் சமுதாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கியபோது, திட்டத்தை நடத்துகிறவர் கையிலேயே அதன் பலனை மதிப்பிடும் வேலையையும் விடலாகாதென்று, திட்டக் கமிஷனின் கீழ்த் தனியாக ஒரு மதிப்பீட்டு நிறுவனம் ஏற்படுத்தப்பட்டது. வாழ்த்துரை கூறுவதோடு நில்லாமல், குறைகளையும் எடுத்தெழுதியது அதன் சிறப்பு. 2015இல் அதன் பணி நிதி ஆயோக்கின் கீழுள்ள அபிவிருத்திக் கண்காணிப்பு மதிப்பீட்டு அலுவலகத்திற்குச் சென்றது.

மதிப்பிடுவோர் நேர்மையாயிருந்தாலும், ஒப்பிடும் முறை பிசகினால் முடிவும் பிசகும். 1960-61இல் தொடங்கிய தீவிர விவசாய ஜில்லாத் திட்டத்திற்கு முதலில் ஏழு ஜில்லாக்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. தஞ்சாவூர் அவற்றுள் ஒன்று. லூதியானா, அலிகார், மேற்குக் கோதாவரி முதலியவை மற்றவை. பாசன வசதி உறுதியாயுள்ள ஜில்லாக்களே வேண்டுமென்று நாடித் தெரியப்பட்டமையால், தஞ்சாவூரின் மகசூலை வானம் பார்த்த இராமநாதபுரத்து மகசூலோடு வைத்து, வித்தியாசமெல்லாம் திட்டத்தின் பலனே என்பது பொருந்தாது. காவிரி செய்ததைத் திட்டம் செய்ததாகக் கூறலாமா? அதே ஜில்லாவின் முந்தைய மகசூலையும், அதே மாதிரியான நீரும் மண்ணும் உள்ள வேறு வயல்களின் மகசூலையும் வைத்தே பார்த்தல் வேண்டும். அதற்கு மகசூல் சரியாக நிறுக்கப்பட்டிருத்தல் முதல் நிபந்தனையாகும்.

நிறுக்கும் வழக்கமோ இந்நாட்டில் மெதுவாகவே வந்தது. முன்னாளில் பல மாகாணங்களில் விளைச்சலைக் கண்ணால் பார்த்து, இத்தனை அணாப் பயிர் என்று எழுதுவார்கள். வழக்கமான விளைவு ஓரிடத்தில் 16 அணா, ஓரிடத்தில் 12 அணா. பார்ப்பவர் பெரும்பாலும் எச்சரிக்கையுள்ளவராதலால் குறைத்தே எழுதுவார். பீகார் - ஒரிஸ்ஸா மாகாணத்தில் அதிகாரியாயிருந்த ஹப்பக் துரை என்பார் 1923 முதல் 1925 வரை, நல்ல வயல் மட்ட வயல் என்று பாராமல் விழுந்த இடத்தில் நெல்லை அறுத்து நிறுத்துப் பார்த்தார். பின்னர் வங்காளத்தில் மகாலநோபிஸும், இந்திய விவசாய ஆராய்ச்சிக் கவுன்சிலில் சுகாத்மேயும் இம்முறையை வளர்த்தனர்.

அறுக்கும் துண்டு எவ்வளவு பெரிதாயிருக்க வேண்டுமென்பதில் இவ்விருவருக்கும் நீண்ட வாதம் நடந்தது. துண்டு மிகச் சிறிதாயின் மகசூல் மிகையாகத் தோன்றுமென்று சுகாத்மே 1946இல் எழுதினார். கயிற்றை ஒட்டி நிற்கும் குத்துகளை வெளியே தள்ளாமல் உள்ளே சேர்த்துக்கொள்ளும் கை அறுப்பவருக்கு இயல்பு. பக்கம் 5 மீட்டருள்ள சதுரத்தில் கயிறு நாற்புறமும் 10 சென்டிமீட்டர் வெளியே தள்ளிப்போனால், 25 சதுர மீட்டர் 27.04 ஆகும், மிகை நூற்றுக்கு 8. பக்கம் 1 மீட்டரேயுள்ள சதுரத்தில் அதே பிசகு நேர்ந்தால் மிகை நூற்றுக்கு 44.

இப்பொழுது தமிழ்நாட்டில் நெல்லுக்கு எடுக்கப்படுவது 5 மீட்டர் சதுரமே. கிராமமும், சர்வே எண்ணும், வயலும் உத்திரமேரூர்க் குடவோலைபோல் எவர் விருப்பமும் நுழையாத சமவாய்ப்பு எண்களால் தெரியப்படுகின்றன. வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து நீளத்தில் இத்தனை அடி, அகலத்தில் இத்தனை அடி நடக்க வேண்டுமென்பதும் அவ்வெண்களே. சென்று நின்ற இடத்தில் முளை அடித்துக் கயிறு கட்டி அறுக்க வேண்டும். அவ்விடத்தில் பயிர் சாவியாயிருந்தாலும் சரி, கதிர் சாய்ந்து முற்றியிருந்தாலும் சரி, இடம் மாற்றக் கூடாது. கிடைத்த எடையை 400ஆல் பெருக்கினால் ஹெக்டேர் மகசூல் கிடைக்கும். 12.5 கிலோ கண்டால் 5,000 கிலோ. தராசில் அரைக் கிலோ பிசகினால் ஹெக்டேருக்கு 200 கிலோ பிசகும்.

இந்த அரைக் கிலோவில் குடியானவர்களுக்கும் பங்குண்டு. 2016 முதல் நடைபெறும் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், நெல் முதலிய முக்கியப் பயிர்களுக்குக் கிராம அளவில் குறைந்தது நான்கு அறுவடைச் சோதனைகள் நடத்தப்படுகின்றன. அச்சராசரி, முன் ஏழாண்டுகளின் மகசூலிலிருந்து கணக்கிட்ட உத்தரவாத மகசூலுக்குக் குறைந்தால் அக்கிராமத்தாருக்கு இழப்பீடு உண்டு. திட்டம் வெற்றி பெற்றதாகக் காட்டும் ஆர்வத்தால் ஓர் ஊழியர் செழித்த மூலைக்கு நகர்ந்து முளை அடிப்பாராயின், வெள்ளத்திலோ வறட்சியிலோ பயிர் இழந்த ஊர் முழுவதும் இழப்பீட்டை இழக்கும். அதற்கு மாறாக, இழப்பீட்டை நாடிப் பதர் நிறைந்த இடத்தைக் காட்டும் சாமர்த்தியமும் சில ஊர்களில் உண்டு. அக்குறைந்த எடை அவ்வூரின் கணக்கிலேயே நிற்கிறது. பொய்க் குறைவுகள் சேரச்சேர உத்தரவாத மகசூலும் இறங்குமாதலால், பிற்காலத்தில் மெய்யாகவே பயிர் கெடும் ஆண்டில் அதே ஊர் கைவிரிக்க நேரும்.

எடை சரியாயிருந்தும் பரப்பு தவறினால் மொத்த விளைச்சல் தவறும். பரப்பு அடங்கலிலிருந்து வருகிறது. 1980இல் கணக்குப்பிள்ளைமார் பதவி நீக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் அப்பொறுப்பை ஏற்ற பின்னும் அடங்கலின் பயன் மாறவில்லை. சென்ற பசலியில் எழுதியதையே பார்த்தெழுதிய அடங்கலில், தென்னந்தோப்பான நன்செய் இன்னும் சம்பா விளைத்துக்கொண்டிருக்கும். அங்கு விளையாத நெல்லும் மாநிலத்தின் உற்பத்தியில் சேரும். அடுத்த திட்டம் அப்பொய்நெல்லின்மேல் வகுக்கப்படும்.

சோதனைக்குத் தெரியப்பட்ட வயலின் உடையவர் அறுவடை நாளைச் சில தினங்களுக்கு முன்பே ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும். இயந்திரம் வாடகைக்குக் கிடைத்ததென்று முதல்நாள் இரவே அறுத்துவிட்டால் அச்சோதனை கெட்டுவிடும். அறுக்கும்போது உடையவரும் கிராம நிர்வாக அலுவலரும் உடனிருந்து, கயிற்றின் நான்கு பக்கங்களோடு குறுக்களவையும் பார்த்துக்கொள்ளலாம். பக்கம் 5 மீட்டராயின் மூலைக்கு மூலை 7.07 மீட்டர் இருக்க வேண்டும். இல்லையேல் அது சதுரமன்று. நெல்லைத் தூற்றிய பின்னரே நிறுத்து, எடையை அங்கேயே படிவத்தில் எழுதுவித்தல் வேண்டும்.