கான்கிரீட் விரிசலை எபாக்சி ஒட்டுமா?

1970-ல் அரசு சிமென்ட் ஆலை தொடங்கப்பட்ட ஊர் ஆலங்குளம் (தென்காசி ஆலங்குளம் இல்லை, விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம்). ஆனால் கான்கிரீட்டில் விழும் தலைமுடி அளவு விரிசலுக்குள் சிமென்ட் துகள் நுழையாது. மேலே பூசினால் மறையும், அவ்வளவுதான். உள்ளே போய் ஒட்டுவது எபாக்சி.

ரெசின், ஹார்டனர் என இரண்டு டப்பாவாக வரும். விரிசலை எபாக்சி பேஸ்ட்டால் மூடி, இடையிடையே நிப்பிள் ஒட்டுவார்கள். கீழ் நிப்பிளில் அழுத்தி ஏற்றி, அடுத்ததில் வழிந்ததும் அதற்கு மாறுவார்கள். கலந்ததுமே சூடேறி இறுகத் தொடங்கும். நம்ம ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்கணும்.

மகாராஷ்டிராவின் கொய்னா அணையில் 1967 டிசம்பர் 11 நிலநடுக்கத்தில் விழுந்த விரிசல்களை எபாக்சி செலுத்தித்தான் அடைத்தார்கள். அதோடு விடவில்லை, அணைக்கு முட்டுச்சுவரும் கட்டினார்கள்.

காரணம் இருக்கிறது. இழுவிசையில் எபாக்சி கான்கிரீட்டைவிடக் கெட்டி. கட்டடம் இன்னும் அசைந்தால், ஒட்டிய இடம் நிற்கும். பக்கத்தில் புது விரிசல் விழும். விருதுநகர் வட்டாரத்துக் கரிசல் மண் மழைக்கு உப்பும், கோடையில் சுருங்கும். அஸ்திவாரம் அதோடு ஆடினால் எபாக்சிக்குக் கொடுத்த காசு வீண். உள்ளே கம்பி துருப்பிடித்து வெடித்ததற்கும் இது ஆகாது. உடைத்துத் துருவை எடுத்துத்தான் கட்டணும்.

சுவர் விரிசல் என்றால் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டு ஒட்டி, ஒரு மழைக்காலம் பாருங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது. பீம், தூண் என்றால் காத்திருக்க வேண்டாம், உடனே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.