பத்து நெல்மணி எடை லித்தியம்

காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு கைப்பேசிக்குப் பெரும்பாலும் இரண்டு வாழ்க்கை. சென்னையிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் பிள்ளையிடம் இரண்டு மூன்று வருடம் இருக்கும். பிள்ளை புதுப் போன் வாங்கியதும் பழையது ஊரிலிருக்கும் அப்பாவின் சட்டைப் பைக்கு வந்து சேரும். கனமான வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான். நெல் கொள்முதல் நிலையப் பதிவு, பயிர்க் காப்பீடு, உழவன் செயலி, வங்கி அனுப்பும் ஓடிபி, பேரப்பிள்ளையின் வீடியோ கால் என்று எல்லாமே அந்தப் போனில் நடக்கும். ஒருநாள் அது அப்டேட் கேட்கும். போட்ட மறுநாளே, "அப்டேட் போட்டதுலேருந்து சார்ஜே நிக்க மாட்டேங்குது" என்று பேச்சு கிளம்பும். செல்போன் கடைக்காரர்கள் கேட்டுக் கேட்டுப் பழகிய புகார் இது.

இதை வீண் சந்தேகம் என்று தள்ள முடியாது. அப்டேட்டுக்கும் பேட்டரிக்கும் தொடர்பு இருப்பதை உலகின் பெரிய நிறுவனங்களே ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதற்காக அபராதமும் கட்டியிருக்கின்றன. அந்தத் தொடர்பு எப்படிப்பட்டது என்று விளங்க வேண்டுமானால் முதலில் பேட்டரியின் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு கிராமின் பயணம்

கைப்பேசி பேட்டரிக்குள் நீளமான இரண்டு மெல்லிய தகடுகள் சுருட்டியோ அடுக்கியோ வைக்கப்பட்டிருக்கும். ஒன்றின் மேல் கோபால்ட் கலந்த ஆக்சைடு பூசியிருக்கும். மற்றொன்றின் மேல் கிராஃபைட், அதாவது பென்சிலில் இருக்கும் அதே கரி. இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் இருக்க நடுவே நுண்துளைகள் உள்ள பிளாஸ்டிக் தாள். இவை எல்லாவற்றையும் ஒரு திரவம் நனைத்திருக்கும்.

சார்ஜ் போடும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடை விட்டுக் கிளம்பி, திரவத்தைக் கடந்து, கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு நடுவே போய் உட்காருகின்றன. நாம் போனைப் பயன்படுத்தும்போது வந்த வழியே திரும்புகின்றன. அவை உள்ளே நடக்க, அவற்றுக்கு ஈடான எலெக்ட்ரான்கள் வெளியே போனின் சுற்று வழியாக ஓடுகின்றன. திரை ஒளிர்வதும் குரல் கேட்பதும் அந்த ஓட்டத்தால்தான். இந்தப் போக்குவரத்தைச் சாத்தியமாக்கிய ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சோனி நிறுவனம் இவ்வகை பேட்டரியை 1991-ல் முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

பெட்டியில் 4,000 எம்ஏஎச் என்று அச்சிட்ட ஒரு பேட்டரியை எடுத்துக்கொள்வோம். அது முழுதாக சார்ஜ் ஏறும்போது இடம் மாறும் லித்தியத்தின் எடை எவ்வளவு இருக்கும்? ஃபாரடேயின் மின்பகுப்பு விதியை வைத்துக் கணக்குப் போட்டால் விடை ஏறத்தாழ 1 கிராம். கையில் எடுத்தால் ஐம்பது நெல்மணி எடை. காலை முதல் இரவு வரை நம் பேச்சையும் படத்தையும் பணப் பரிமாற்றத்தையும் தாங்குவது அந்த ஐம்பது நெல்மணி எடையுள்ள உலோகத்தின் போக்கும் வரவும்தான்.

இந்த ஒரு கிராம்தான் நாளாக நாளாகக் குறைகிறது. பேட்டரி தொழிற்சாலையில் முதல் சார்ஜ் ஏற்றும்போதே திரவத்தின் சிறு பகுதி சிதைந்து, கிராஃபைட்டின் மேல் சில பத்து நானோமீட்டர் கனத்தில் ஒரு படலமாகப் படிகிறது. இந்தப் படலம் லித்தியத்துக்கு வழிவிடும், எலெக்ட்ரானைத் தடுக்கும். அதனால் எஞ்சிய திரவம் சிதையாமல் பிழைக்கிறது. படலம் இல்லையென்றால் இந்த பேட்டரியே இல்லை. ஆனால் காப்பாற்றும் அந்தப் படலமே பிறகு அதன் ஆயுளையும் தின்கிறது. லித்தியம் உள்ளே நுழையும்போது கிராஃபைட் சுமார் 10 சதவீதம் உப்பும், வெளியேறும்போது சுருங்கும். அந்த அசைவில் படலம் விரிசல் விடும். விரிசலில் புதுப் படலம் வளரும். ஒவ்வொரு வளர்ச்சியிலும் கொஞ்சம் லித்தியம் அதில் சிக்கி, திரும்பி வர முடியாமல் தங்கிவிடும்.

பேட்டரியின் ஆரோக்கியம் 80 சதவீதம் என்று போன் காட்டினால், இந்தச் சிறையில் அகப்பட்டது ஏறத்தாழ 0.2 கிராம் லித்தியம் என்று கொள்ளலாம். பத்து நெல்மணி எடை. பழைய ஐபோன்கள் சுமார் 500 முழுச் சுற்றுகளில் அந்த நிலைக்கு வரும்படி வடிவமைக்கப்பட்டவை. தினமும் ஒரு முழு சார்ஜ் என்றால் ஒன்றரை வருடத்துக்குள் 500 சுற்று முடிந்துவிடும்.

வெயில் இந்தச் சிறையை வேகமாக நிரப்புகிறது. லித்தியம் பேட்டரியை 25 டிகிரி வெப்பத்தில் 40 சதவீத சார்ஜோடு ஒரு வருடம் சும்மா வைத்திருந்தால் அதன் கொள்ளளவில் 96 சதவீதம் மிஞ்சும். 40 டிகிரியில், முழு சார்ஜோடு வைத்தால் மிஞ்சுவது 65 சதவீதம்தான். பேட்டரித் துறையில் பரவலாக எடுத்தாளப்படும் அளவுகள் இவை. சித்திரை வெயிலில் மோட்டார் கொட்டகையின் தகரக் கூரைக்கடியில் நாள் முழுக்க சார்ஜில் கிடக்கும் போன் இந்த இரண்டு தீங்கையும் ஒருசேர வாங்கிக்கொள்கிறது.

கண்ணுக்குத் தெரியாத மூப்பு

கொள்ளளவு குறைவதை யாரும் உணர்ந்துவிடுவார்கள். இன்னொரு மூப்பு வெளியே தெரியாது. படலம் தடிக்கத் தடிக்க பேட்டரியின் உள்மின்தடை ஏறுகிறது. மின்தடை கூடினால், போன் அதிக மின்னோட்டம் கேட்கும் நொடியில் மின்னழுத்தம் சடாரென்று சரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேட்டரி 3.7 வோல்ட்டில் இருக்கிறது. கேமரா திறக்கிறோம், போனின் பிராசஸர் வேகமெடுக்கிறது, ஒரு நொடிக்கு 3 ஆம்பியர் தேவைப்படுகிறது. புது பேட்டரியின் உள்மின்தடை 0.1 ஓம் என்று வைத்தால் 0.3 வோல்ட் இறங்கி 3.4 வோல்ட் மிஞ்சும். போன் தாங்கிக்கொள்ளும். பழைய பேட்டரியில் மின்தடை 0.25 ஓம் ஆகியிருந்தால் இறக்கம் 0.75 வோல்ட். மிஞ்சுவது 3 வோல்ட்டுக்கும் கீழே. போன் அந்த நொடியே அணைந்துவிடும். திரையில் 35 சதவீதம் காட்டிய போன் திடீரென்று செத்துப்போவதும், சார்ஜரில் செருகியதும் அதே 35 சதவீதத்தோடு எழுந்துகொள்வதும் இதனால்தான். சார்ஜ் உள்ளே இருக்கிறது. கேட்ட வேகத்தில் வெளியே வர முடியவில்லை.

அப்டேட் என்ன செய்கிறது

இந்த மூத்த பேட்டரியின் தலையில்தான் அப்டேட் வந்து இறங்குகிறது. அப்போது நடப்பவை மூன்று.

முதலாவது தற்காலிகமானது. புது மென்பொருள் ஏறியதும் போன் தன் செயலிகளைத் திரும்பத் தயார்செய்கிறது, படங்களையும் கோப்புகளையும் மறுபடி அட்டவணைப்படுத்துகிறது. சில நாள் சூடும் செலவும் கூடும். பிறகு தணிந்துவிடும்.

இரண்டாவது நிரந்தரமானது. புதிய மென்பொருள் புதிய போன்களின் வலுவை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. அதே வேலைக்குப் பழைய பிராசஸர் கூடுதல் நேரம் விழித்திருக்க வேண்டியிருக்கிறது. பாதி மூத்த பேட்டரிக்கு அந்தக் கூடுதல் சுமை உடனே தெரியும்.

மூன்றாவதைத்தான் வாசகர்கள் அவசியம் அறிய வேண்டும். சில சமயம் நிறுவனமே வேண்டுமென்று போனுக்குக் கடிவாளம் போடுகிறது.

2017 ஜனவரியில் ஆப்பிள் ஐஓஎஸ் 10.2.1 அப்டேட்டை வெளியிட்டது. ஐபோன் 6, 6எஸ் போன்றவை திடீரென்று அணைந்துவிடும் புகாரைத் தீர்க்க, பேட்டரி மூத்திருந்தால் பிராசஸரின் உச்ச வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு அதற்குள் இருந்தது. மேலே சொன்ன மின்னழுத்தச் சரிவுக்கு அது நியாயமான மருந்துதான். ஆனால் போன் வைத்திருந்தவர்களுக்கு அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. போன் மந்தமானது மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்தது. பலர் புதுப் போன் வாங்கினார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 18 அன்று, கீக்பெஞ்ச் என்ற வேகச் சோதனைச் செயலியை உருவாக்கிய ஜான் பூல் தன்னிடம் குவிந்திருந்த அளவுகளை வரைபடமாக வெளியிட்டார். ஒரே மாதிரி போன்கள் அப்டேட்டுக்குப் பிறகு வெவ்வேறு வேகப் படிகளில் பிரிந்து நிற்பது அதில் அப்பட்டமாகத் தெரிந்தது. இரண்டு நாளில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது, டிசம்பர் 28-ல் மன்னிப்புக் கேட்டது. பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. இந்தியாவில் 6,500 ரூபாயாக இருந்த கட்டணம் 2,000 ரூபாய் அளவுக்கு வந்தது. பேட்டரியின் ஆரோக்கியத்தைச் சதவீதமாகக் காட்டும் பக்கம் 2018-ல் ஐபோன்களில் இடம்பெற்றது இந்தச் சர்ச்சையின் விளைவே.

இத்தாலியின் போட்டி ஆணையம் 2018 அக்டோபரில் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும், கேலக்ஸி நோட் 4 போன்களுக்குச் சுமை மிகுந்த அப்டேட்டை ஏற்றச் சொல்லித் தூண்டியதற்காக சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. பிரான்ஸ் 2020-ல் ஆப்பிளுக்கு 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. வேகத்தைக் குறைத்ததைப் பயனரிடம் சொல்லாமல் விட்டதுதான் அங்கே குற்றமாக எழுதப்பட்டது.

2025-ல் கூகுளின் முறை. ஜனவரியில் பிக்சல் 4ஏ போன்களுக்கு ஓர் அப்டேட் வந்தது. 2020-ல் வெளிவந்து, மென்பொருள் ஆதரவுக் காலமும் முடிந்துவிட்ட போன் அது. குறிப்பிட்ட வகை பேட்டரி உள்ள போன்களில் சார்ஜ் ஏறும் உச்ச மின்னழுத்தத்தை அந்த அப்டேட் 4.44 வோல்ட்டிலிருந்து 3.95 வோல்ட்டாக இறக்கியதை மென்பொருளைப் பிரித்துப் பார்த்த பொறியாளர்கள் கண்டுபிடித்தார்கள். உச்சத்தைத் தாழ்த்தினால் பேட்டரிக்குள் நெருக்கடி குறையும், சூடாகும் ஆபத்தும் குறையும். ஆனால் போன் தாங்கும் நேரம் பாதியளவுக்கு விழுந்துவிட்டது. ஆஸ்திரேலிய அரசு வெளியிட்ட அறிவிப்பு தீ அபாயத்தை வெளிப்படையாகக் குறிப்பிட்டது. அதே ஆண்டு ஜூலையில் பிக்சல் 6ஏ போன்களுக்கும் 400 சுற்றுகளைத் தாண்டியதும் கொள்ளளவைக் குறைக்கும் அப்டேட் வந்தது. இரண்டுக்கும் இலவசமாக பேட்டரி மாற்றித் தரும் திட்டத்தைக் கூகுள் அறிவித்தது. திட்டம் செல்லும் நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இருந்தது.

இந்த வரலாற்றிலிருந்து எனக்குத் தெளிவாகும் முடிவு ஒன்றே. பேட்டரியை மூப்படையச் செய்வது வேதியியல். அப்டேட் அந்த மூப்பை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது, சில சமயம் அதன் ஆபத்தைத் தடுக்கிறது. இரண்டிலும் தவறில்லை. தெரிவிக்காமல் செய்வதுதான் தவறு. பத்து நெல்மணி எடை லித்தியம் சிக்கிக்கொண்டதற்காக ஒரு குடும்பம் பதினைந்தாயிரம் ரூபாய்க்குப் புதுப் போன் வாங்குகிறதென்றால், அந்தச் செலவுக்குக் காரணம் தகவல் கிடைக்காமல் போனதுதான்.

ஐரோப்பிய ஒன்றியம் பேட்டரியின் ஆயுளுக்கே சட்டம் போட்டுவிட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்கும் கைப்பேசிகளின் பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்க வேண்டும். இந்தியாவில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தை நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கியது. எந்தப் பொருளை எவ்வளவு எளிதில் பழுது நீக்கலாம் என்று மதிப்பெண் தரும் திட்டத்துக்கான அறிக்கை 2025-ல் அரசிடம் கொடுக்கப்பட்டது. அது கடைக்குக் கடை கண்ணில் படும் மதிப்பெண்ணாக விரைவில் மாற வேண்டும்.

அறிவும் நமக்குத் தொலைவில் இல்லை. தஞ்சாவூருக்குத் தெற்கே காரைக்குடியில் இருக்கிறது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1953-ல் திறக்கப்பட்டது. அங்கே கோபுகுமார் தலைமையிலான குழு உருவாக்கிய லித்தியம் அயனி பேட்டரித் தொழில்நுட்பம் 2018 ஜூனில் உள்நாட்டு நிறுவனம் ஒன்றுக்குத் தயாரிப்புக்காக வழங்கப்பட்டது. பேட்டரியின் மூப்பைப் பற்றித் தமிழ்நாட்டு மாணவர் படிக்கவும் ஆராயவும் நம் மண்ணிலேயே இடம் இருக்கிறது.

பழைய போன் வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அப்டேட்டுக்குப் பயந்து அதைத் தள்ளிப்போடாதீர்கள். வங்கிப் பணம் புழங்கும் போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் கட்டாயம் வேண்டும். போட்ட பிறகு ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் சார்ஜ் நிற்கவில்லை என்றால், எந்தச் செயலி எவ்வளவு எடுக்கிறது என்று அமைப்புகளில் பேட்டரிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். சிக்னல் குறைந்த இடத்தில் போன் டவரை எட்ட அதிக சக்தி செலவழிக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். முடிந்தவரை 20-க்கும் 80-க்கும் இடையில் வைத்திருங்கள், வெயிலில் சார்ஜ் போடாதீர்கள். பின்மூடி தூக்கிக்கொண்டு பேட்டரி உப்பியிருந்தால் அன்றே பயன்பாட்டை நிறுத்திக் கடைக்குக் கொண்டுபோங்கள், நீங்களே குத்திப் பிரிக்காதீர்கள். மற்றபடி போன் நன்றாக இருந்து சார்ஜ் மட்டும் நிற்கவில்லை என்றால், புதுப் போன் வாங்குவதற்கு முன் நம்பகமான இடத்தில் தரமான பேட்டரி ஒன்றை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.