அறுவைக் கத்தியும் உடலின் காவற்படையும்

'கத்தி பட்டால் புற்று பரவிவிடும்' என்னும் அச்சம் நம் மக்களிடையே ஆழ வேரூன்றி நிற்கின்றது. இவ்வச்சத்தால் அறுவை மருத்துவத்தைத் தள்ளிப் போட்டு, நோய் முற்றியபின் மருத்துவமனையை நாடுவோர் உளர். இதில் மெய்ம்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதை ஈண்டு ஆராய்வோம்.

காவலர்கள் யாவர்?

குருதியிலுள்ள வெள்ளணுக்களே நம் உடலின் காவலர்கள். அவற்றுள் 'டி' அணுக்கள் பகையணுவை இனங்கண்டு தாக்குவன. 1975ஆம் ஆண்டில் அறிவியலார் பெயரிட்டு விளக்கிய 'இயற்கைக் கொல்லி அணுக்கள்' முன்னறிமுகம் இன்றியே புற்றணுக்களை அழிக்க வல்லன.

கத்தி தரும் தளர்ச்சி

நலம் கருதிச் செய்யும் அறுவையையும் உடல் ஒரு பெருங்காயமாகவே கொள்கின்றது. சிறுநீரகங்களின் மேல் அமைந்த சுரப்பிகள் கார்ட்டிசால், அட்ரினலின் ஆகியவற்றை மிகுதியாகச் சுரக்கின்றன. உடலைத் தாங்கிநிற்கும் இவ்வேற்பாடே காவலர்களின் கைகளைக் கட்டியும் விடுகின்றது. கொல்லி அணுக்களின் ஆற்றல் சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை குன்றுகின்றது. கடும் வலி, உடல் வெப்பம் தாழ்தல், பிறர் குருதி ஏற்றல் ஆகியன இத்தளர்ச்சியை மிகுவிக்கக் கூடும். அறுவையின்போது புற்றணுக்கள் சில குருதியிற் கலத்தலும் உண்டு. ஆகவே, மக்களின் அச்சம் முற்றிலும் அடிப்படையற்றதன்று.

மறு தட்டு

ஆயினும், துலாக்கோலின் மறு தட்டையும் நாம் நோக்குதல் வேண்டும். அகற்றப்படாத கட்டி வாளா இருப்பதில்லை. அது தன் அணுக்களைக் குருதியில் உதிர்த்துக் கொண்டே இருக்கும். காவலர்களை மயக்கும் பொருள்களையும் சுரக்கும். அறுவையால் வரும் தளர்ச்சி சின்னாளில் நீங்குவது. கட்டியால் வரும் தளர்ச்சியோ நாள்தோறும் வளர்வது. தொடக்க நிலையில் கண்டறியப்படும் புற்றுகள் பல, அறுவையாலேயே குணமாகின்றன.

காக்கும் வழிகள்

சிறு துளையிட்டுச் செய்யும் அறுவையில் காயம் குறைவு. அதனால் தளர்ச்சியும் குறைவு. வலியைத் தணித்தலும், உடல் வெப்பத்தைக் காத்தலும், இன்றியமையாதபோது மட்டுமே குருதி ஏற்றலும் துணைபுரிவன. மார்பகப் புற்றில் அக்குளின் நிணநீர்க் கணுக்களை ஒருசேர அகற்றுவதே முன்னாளில் வழக்கம். அதனால் பலர்க்குக் கை வீங்கியது. அக்கையில் தொற்றும் எளிதிற் புகுந்தது. இன்று முதற்கணுவை மட்டும் எடுத்து ஆய்ந்து, அது தூயதாயின் ஏனையவற்றை விட்டுவிடுகின்றனர்.

'டி' அணுக்களின் தளைகளை அவிழ்க்கும் வழி கண்ட ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹோஞ்சோ ஆகிய இருவர்க்கும் 2018இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. அவ்வகை மருந்தொன்றை, நுரையீரல் புற்று நோயாளிகள் சிலர்க்கு வேதி மருந்துகளுடன் அறுவைக்கு முன்னரே தருவதற்கு 2022இல் அமெரிக்கா இசைவளித்தது. கட்டி உடலில் இருக்கும்போதே காவலர்கள் பகைவனை நன்கு அறிந்துகொள்வர் என்பதே இதன் அடிப்படை.

கத்தி காவற்படையைச் சிறிது பொழுது அயரச் செய்யும். காலத்தாழ்வோ அதனை வீழ்த்திவிடும். ஆதலின், ஐயங்களை மருத்துவரிடம் வினவித் தெளிவோம். அச்சத்திற்கு ஆட்பட்டு நாள்களை இழவாதிருப்போம்.