வெள்ளம் வடிந்துவிட்டது, பயம் வடியவில்லை: காலநிலை மாற்றமும் எமது உளநலமும்

வெள்ளம் வந்தால் எதைக் கணக்கெடுக்க வேண்டும் என்பது எமக்கு நன்றாகத் தெரியும். எத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது, எத்தனை ஏக்கர் வேளாண்மை அழிந்தது, எத்தனை குடும்பங்கள் பாடசாலைகளில் தங்கியுள்ளன என்று கிராம சேவகர் தொடக்கம் பிரதேச செயலகம் வரை பட்டியல்கள் தயாராகும். அந்தப் பட்டியல்களில் இடம்பெறாத ஓர் இழப்பைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அது மனதுக்கு ஏற்படும் இழப்பு.

நான் அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் உள்ள பாடசாலையொன்றில் கற்பிக்கிறேன். அண்மைய வருடங்களில் நவம்பர் பிறந்தால் வகுப்பறையில் ஒரு மாற்றத்தைக் காண்கிறேன். வானம் இருண்டு மழை பலக்கத் தொடங்கினால் சில பிள்ளைகளின் கவனம் பாடத்தில் நிற்பதில்லை. "சேர், இன்டைக்கு ஸ்கூல் நேரத்தோட விடுவாங்களா?" என்று கேட்பார்கள். முன்னரும் பிள்ளைகள் இதைக் கேட்டதுண்டு, விளையாடப் போகும் ஆசையில். இப்போது கேட்பவர்களின் முகத்தில் அந்த ஆசை இல்லை.

அதற்குக் காரணம் இருக்கிறது. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு, மாவடிப்பள்ளிப் பகுதியில் வெள்ளம் அடித்துச் சென்ற உழவு இயந்திரத்தில் இருந்தவர்கள் வீடு திரும்பிக் கொண்டிருந்த மத்ரஸா மாணவர்கள். ஜனாஸாக்கள் ஒவ்வொன்றாக மீட்கப்பட்ட அந்த நாட்களை இப்பிரதேசத்தில் எந்தப் பிள்ளையும் மறக்கவில்லை. சரியாக ஒரு வருடத்தில், 2025 நவம்பர் இறுதியில், டித்வா புயல் நாடு முழுவதையும் தாக்கி 600 இற்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. இரண்டு வருடங்களிலும் உயர்தரப் பரீட்சை இடைநடுவில் நிறுத்தப்பட்டது. இரவு பகலாகப் படித்த பிள்ளை பாதிப் பாடங்களை எழுதிவிட்டு, மீதி எப்போது என்று தெரியாமல் காத்திருப்பதும் ஒரு மன அழுத்தமே.

வெள்ளமும் புயலும் எமக்குப் புதியவை அல்ல. 1978 நவம்பர் சூறாவளியைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். ஆனால் வளிமண்டலம் ஒரு பாகை செல்சியஸ் சூடேறும்போது காற்று சுமக்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. அதனால் பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது. முன்னர் ஒரு பேரழிவுக்கும் அடுத்ததற்கும் இடையில் மனம் ஆறுவதற்குக் காலம் கிடைத்தது. இப்போது பழைய காயம் ஆறுவதற்குள் அடுத்த எச்சரிக்கை வருகிறது. காலநிலை மாற்றம் உளநலத்தைப் பாதிக்கும் விதத்தில் முக்கியமானது இதுதான்.

இந்தப் பாதிப்பு பல வழிகளில் வருகிறது. முதலாவது, அனர்த்தம் நேரடியாகத் தரும் அதிர்ச்சி. கனவில் தண்ணீர் வருவது, மழைச் சத்தத்துக்கு நெஞ்சு படபடப்பது, நடந்த இடத்தைத் தவிர்ப்பது போன்றவை ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்தால் அதற்கு வைத்திய உதவி தேவை. எமது கரையோரத்தில் 2004 சுனாமியின் காயமும் உண்டு. சுனாமி காலநிலை மாற்றத்தால் வந்ததல்ல. ஆனால் அந்தக் காயத்தின் மேல்தான் ஒவ்வொரு புதிய வெள்ளமும் வந்து விழுகிறது.

இரண்டாவது, மெதுவாக வரும் பாதிப்பு. பெரும்போகத்துக்கு விதைத்த வயல் நவம்பர் வெள்ளத்தில் அழுகிப்போனால் மறுபடி விதைக்க வேண்டும். விதைநெல்லுக்குக் கடன், உழவுக்குக் கடன், வீட்டில் அடகு வைக்க நகையும் இல்லை. வாப்பாவின் கோபமும் மௌனமும் பிள்ளையின் கொப்பியில் தெரியும் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

மூன்றாவது, வெப்பம். இரவிலும் சூடு தணியாவிட்டால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் எரிச்சலும் மனச்சோர்வும் கூடும். உளநோய்க்கான சில மருந்துகள் உடல் வியர்ப்பதைக் குறைக்கின்றன. எனவே அவற்றை எடுப்பவர்களுக்குக் கடும் வெயில் கூடுதல் ஆபத்து. அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்தக்கூடாது, வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

நான்காவது, எதிர்காலம் பற்றிய கவலை. 2021 இல் 10 நாடுகளில் 16 முதல் 25 வயது வரையான 10,000 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றில் 59 சதவீதமானோர் காலநிலை மாற்றம் குறித்து மிகவும் அல்லது மிக அதிகமாகக் கவலைப்படுவதாகக் கூறினர். இது பணக்கார நாட்டுப் பிள்ளைகளின் கவலை மட்டுமல்ல. அந்தப் பத்து நாடுகளில் இந்தியாவும் பிலிப்பைன்ஸும் நைஜீரியாவும் இருந்தன.

இவ்வளவும் சொன்ன பிறகு எமது ஊர்களில் வரும் பதில் ஒன்று உண்டு: "ஈமான் உறுதியா இருந்தா மனசு ஏன் உடையுது?" இந்தக் கேள்வி பலரை வாய் திறக்கவிடாமல் செய்கிறது. மகனைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் நபியின் கண்கள் வெளுத்துப்போனதை அல்குர்ஆன் சொல்கிறது. அன்னை கதீஜாவும் அபூதாலிபும் மரணித்த வருடத்தை எமது வரலாறு துயர வருடம் என்றே அழைக்கிறது. கவலைப்படுவது ஈமானின் குறைவென்றால் இவற்றுக்கு என்ன பொருள்? துஆவும் பொறுமையும் மனதுக்குப் பெரும் பலம். காய்ச்சலுக்கு துஆவுடன் மருந்தையும் எடுக்கும் நாம், மனதுக்கு மட்டும் மருந்தை ஏன் மறுக்க வேண்டும்?

என்ன செய்யலாம்? உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் உளவியல் முதலுதவிக்குப் பெரிய படிப்பு தேவையில்லை. அதன் சாரம் மூன்று சொற்கள்: பாருங்கள், கேளுங்கள், இணையுங்கள். யார் கலங்கியிருக்கிறார் என்று பாருங்கள். அவர் பேச விரும்பினால் இடைமறிக்காமல் கேளுங்கள். பின்னர் அவரை உறவினருடனோ வைத்திய சேவையுடனோ இணைத்துவிடுங்கள். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லும்படி வற்புறுத்தக்கூடாது. பிள்ளைகளுக்கு முன்னால் வெள்ளக் காணொளிகளை ஓடவிடுவதும், நிவாரணம் வாங்குபவரைப் படம் பிடித்து முகநூலில் போடுவதும் புண்ணில் விரல் வைப்பதற்குச் சமம்.

பெற்றோர் சில அடையாளங்களைக் கவனிக்க வேண்டும். நின்றுபோன பழக்கமான படுக்கையில் சிறுநீர் கழித்தல் மீண்டும் தொடங்குவது, காரணமில்லாத வயிற்றுவலி, தலைவலி, தாயை விட்டு அகல மறுப்பது, வளர்ந்த பிள்ளை திடீரென எரிந்து விழுவது அல்லது அடங்கிப்போவது. இவை பெரும்பாலும் சில வாரங்களில் குறையும். பாடசாலை விரைவாகத் திறப்பதும், வழமையான நேரத்தில் சாப்பாடும் தொழுகையும் தூக்கமும் விளையாட்டும் திரும்புவதும் பிள்ளைக்கு மிகப் பெரிய மருந்து. குறையாவிட்டால் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடலாம். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

இன்னொன்று. மழைக்காலம் தொடங்குமுன் பள்ளிவாசல் நிர்வாகங்களும் பாடசாலை அபிவிருத்திக் குழுக்களும் கூடி, படகு யாரிடம் உண்டு, சமைப்பது எங்கே, உலருணவு எவ்வளவு என்று திட்டமிடுகின்றன. அந்தத் திட்டத்தில் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும்: தண்ணீர் வடிந்த பின் வீடு வீடாகச் சென்று மக்களின் கதையைக் கேட்கப்போவது யார்? ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் அதற்குப் பயிற்சி பெற்றிருந்தால் போதும். செலவு அதிகமில்லை. அடுத்த நவம்பருக்கு முன் செய்துவிடக்கூடிய வேலை இது.