மரபணு அறிக்கையில் ‘வி.யு.எஸ்.’ என்று வந்தால்...

 

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பெண்களை, குறிப்பாக இளவயதில் நோய் கண்டவர்களை, மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளும்படி டாக்டர்கள் இப்போது சொல்கிறார்கள். நமது அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களோடு இந்த அறிக்கைகளும் வருகின்றன. அவற்றில் பலரைக் கலங்க வைப்பது ‘வி.யு.எஸ்.’ என்ற மூன்று எழுத்துகள். ‘விளைவு இன்னும் உறுதியாகாத மரபணு மாற்றம்’ என்பதே இதன் கருத்து. இதைப் பார்த்துப் பரம்பரைப் புற்றுநோய் உறுதியாகிவிட்டது என்று அழுவோரும் உண்டு. இனி பயமே இல்லை என்று இருந்துவிடுவோரும் உண்டு. இரண்டுமே தவறு.

மரபணுவின் வேலை

பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்ற இரண்டு மரபணுக்கள் ஆண், பெண் எல்லோரிடமும் உள்ளன. முதலாவது 1994-லும் இரண்டாவது 1995-லும் கண்டறியப்பட்டன. செல்லுக்குள் டி.என்.ஏ. இழை அறுந்தால் அதைச் சரிசெய்வது இவற்றின் வேலை. இவை பழுதானால் புற்றுநோய்க்கு வழி திறக்கிறது. 2017-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, கெடுதியான மாற்றம் உள்ள பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு முதல் மரபணுவில் 72 சதவீதம், இரண்டாவதில் 69 சதவீதம். சினைப்பைப் புற்றுநோய்க்கு இது முறையே 44, 17 சதவீதம்.

ஆனால் மரபணுவில் எழுத்து மாறுவதெல்லாம் கெடுதி அல்ல. ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று எழுதினாலும் விளங்கிவிடும். ‘பால்’ என்பதில் கால் விடுபட்டுப் ‘பல்’ ஆனால் பொருளே மாறிவிடும். மரபணு மாற்றங்களும் அப்படித்தான். அவற்றை 5 வகையாகப் பிரிக்கும் முறையை அமெரிக்க மருத்துவ மரபியல் அமைப்புகள் 2015-ல் வெளியிட்டன: கெடுதியானது, அநேகமாகக் கெடுதியானது, உறுதியாகாதது, அநேகமாகக் கெடுதியற்றது, கெடுதியற்றது. ‘அநேகமாக’ என்றால் 90 சதவீதத்துக்கு மேல் உறுதி. நடுவில் இருப்பதுதான் வி.யு.எஸ்.

ஏன் உறுதி சொல்ல முடியவில்லை?

மதரஸாவில் ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு ‘மஜ்ஹூல்’ என்ற சொல் தெரியும். அறிவிப்பாளரின் நிலை தெரியாதபோது அவரைப் பொய்யர் என்றும் சொல்வதில்லை. நம்பகமானவர் என்றும் ஏற்பதில்லை. நிலை தெரியும்வரை அந்த அறிவிப்பை மட்டும் வைத்துத் தீர்ப்பு எடுப்பதில்லை. வி.யு.எஸ். விஷயத்திலும் டாக்டர்கள் இப்படித்தான் நிற்கிறார்கள்.

ஒரு மாற்றம் ஆரோக்கியமானவர்கள் பலரிடம் காணப்பட்டால் அது கெடுதியற்றது என்று தெரியும். நோயுள்ள குடும்பங்களில் நோயாளிகளிடம் மட்டும் தொடர்ந்து காணப்பட்டால் சந்தேகம் வலுக்கும். இதற்கு நிறையப் பேரின் தகவல் வேண்டும். உலகத் தகவல் தொகுப்புகளில் ஐரோப்பிய வம்சாவளியினரே அதிகம். நம் மக்களிடம் சாதாரணமாக உள்ள ஒரு மாற்றம்கூட அங்கே புதிதாகத் தெரியலாம். அதனால்தான் ஆசியர்களுக்கு வி.யு.எஸ். அதிகம் வருகிறது. சுமார் 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுப்பை ‘ஜீனோம் இந்தியா’ திட்டம் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. இந்தக் குறை இனி படிப்படியாகக் குறையும்.

தகவல் சேரச் சேர வகை மாறும். 2018-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மறுவகைப்படுத்தப்பட்ட வி.யு.எஸ். மாற்றங்களில் சுமார் 91 சதவீதம் கெடுதியற்ற பக்கத்துக்கே போயின. சுமார் 9 சதவீதம் கெடுதியான பக்கத்துக்குப் போயின. ஆகவே நம்பிக்கை கொள்ளக் காரணம் உண்டு, அலட்சியத்துக்கு இடமில்லை.

செய்ய வேண்டியவை

1. வி.யு.எஸ். வந்ததற்காக மட்டும் மார்பகத்தையோ சினைப்பையையோ அகற்றும் அறுவைக்குச் சம்மதிக்க வேண்டாம். அறுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. யாராவது அப்படிச் சொன்னால் மரபணு ஆலோசகரிடம் இரண்டாவது கருத்துக் கேளுங்கள்.

2. குடும்ப வரலாறு தனிச் சாட்சி. உம்மாவுக்கும் சாச்சிக்கும் இளவயதில் நோய் வந்திருந்தால், அறிக்கை உறுதியாகாவிட்டாலும் அந்தப் பெண்ணுக்கு ஆபத்து சராசரியைவிடக் கூடுதலே. மேமோகிராம், எம்.ஆர்.ஐ. எந்த வயதில் தொடங்குவது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

3. வரலாறு சொல்லும்போது வாப்பா வழியை விட்டுவிடாதீர்கள். கெடுதியான மாற்றம் வாப்பாவிடமிருந்தும் வரும். மகனோ மகளோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு சரிபாதி.

4. வி.யு.எஸ்.ஸுக்காக வீட்டில் எல்லோருக்கும் பணம் கட்டிப் பரிசோதிக்க வேண்டியதில்லை. அந்த முடிவும் உறுதியற்றதாகவே இருக்கும். மாற்றத்தின் தன்மையை அறிய மருத்துவமனையே சிலரின் ரத்தம் கேட்டால் கொடுங்கள். அது பிறருக்கும் உதவும்.

5. அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை, வகை மாறியிருக்கிறதா என்று பரிசோதனை செய்த இடத்தில் கேளுங்கள்.

திருமணப் பேச்சு

நோயாளியின் மகளுக்கோ தங்கைக்கோ சம்பந்தம் பேசும்போது இந்த அறிக்கை குறுக்கே வந்து நிற்கிறது. உறுதியாகாத ஒன்றைக் காரணம் காட்டி ஒரு பெண்ணின் நிக்காஹ்வைத் தடுப்பது பெரும் அநீதி. சொந்தத்தில் முடித்ததால்தான் இந்த நோய் வந்தது என்ற பேச்சும் சரியல்ல. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். கெடுதியான மாற்றம் உறுதியான குடும்பத்துக்குள்ளேயே சம்பந்தம் பேசுவதாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே மரபணு ஆலோசனை பெறுவது நல்லது. இருவருக்கும் அதே பழுது இருந்தால் பிள்ளைக்கு ஃபான்கோனி ரத்தசோகை என்ற கடுமையான நோய் வரக்கூடும்.

இத்தகைய அறிக்கை கையில் இருப்பவர்கள் முடிவெடுக்கும் முன் அதன் நகலுடன் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். மரபணு ஆலோசனை கிடைக்கும் மருத்துவமனைக்குச் செல்ல வழிகாட்டுகிறோம். பெயரும் விவரமும் வெளியே போகாது, இன்ஷா அல்லாஹ்.

– செயலாளர்