சக்கரத்தின் மேல் ஒரு வீடு

அமெரிக்காவில் சிலர் ஊர் சுற்றப் போகும்போது, காரின் பின்னால் ஒரு சின்ன மர வீட்டை இழுத்துச் செல்கிறார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் அது நீர்த்துளி போல இருக்கும். முன்புறம் உருண்டை. பின்புறம் சரிவு. நாம் இதைத் துளி வண்டி என்போம்.

1930களில் இந்த வண்டி அங்கே பரவியது. செய்யும் முறையைப் பத்திரிகைகள் படத்துடன் அச்சிட்டன. அதைப் படித்து, சாதாரண மக்களே வீட்டில் செய்தார்கள். இன்றும் செய்கிறார்கள்.

எப்படிச் செய்வது?

இரும்புச் சட்டத்தில் இரண்டு சக்கரங்களைப் பூட்டுவார்கள். அதன் மேல் 8 அடி நீளம், 4 அடி அகலமுள்ள பிளைவுட் பலகை. அதுதான் தரை. அதே அளவுப் பலகையைத் துளி வடிவில் அறுத்தால் பக்கச் சுவர். மெல்லிய பலகையை வளைத்துக் கூரை போடுவார்கள். உள்ளே இருவர் படுக்கலாம். நிற்க முடியாது.

இரண்டில் கவனம் வேண்டும்.

ஒன்று, பாரம். மாட்டு வண்டியில் பின்பாரம் கூடினால் என்ன ஆகும்? நுகத்தடி மேலே எழும்பும். கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். இங்கும் பின்பாரம் ஆபத்து. வண்டி ஆடும். காரையே கவிழ்த்துவிடலாம். மொத்த எடை 400 கிலோ என்றால், 40 முதல் 60 கிலோ வரை காரின் கொக்கியில் இறங்க வேண்டும்.

இரண்டு, காற்று. சுவரில் காற்று வர வழி வைப்பார்கள். அடுப்பு உள்ளே கிடையாது. பின்கதவைத் தூக்கினால் அடுப்பங்கரை. வெளியே நின்றுதான் சமையல். ஏன்? மூடிய இடத்தில் கரி எரிந்தால் நச்சுக் காற்று உண்டாகும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே இறந்துவிடலாம்.

இது நம் வீட்டுக்கும் பொருந்தும். குளிருக்காகக் கரியடுப்பை உள்ளே வைத்து, கதவை அடைத்துத் தூங்காதீர்கள்.